தட்டில் கிடந்த முடி

அந்தத் தொழிற்சாலையின் சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோரும் அவளைப் பெரியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வயதில் பெரியவள் என்பதால் அப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று வெளியாள் யாராவது நினைத்துக்கொண்டால் அது அவருடைய நல்ல மனசு. சமையலறையில் அவளைவிட மூத்தவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்களுக்கும் அவள் பெரியக்காதான். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. "கூப்பிட்டா வந்து நிக்கிறேன்ல, அது போதும். சோறு வெந்துச்சான்னு பாரு" என்பாள்.

உடம்பு பெரியது. அதைப் பற்றி மற்றவர்கள் வாயைத் திறப்பதற்குள் தானே ஒரு வேடிக்கையைச் சொல்லிவிடுவது அவள் பள்ளிக்கூட நாளிலேயே பழகிக்கொண்டது. ஆனால் கூந்தல் என்று வந்தால் வேடிக்கைக்கு இடமில்லை. தொடையைத் தொடும் பின்னல். ஒரு கைப்பிடிக்குள் அடங்காது. வேலை நேரத்தில் அதைக் கொண்டையாகச் சுருட்டி வலைத்தொப்பிக்குள் திணித்தால் தொப்பி பிதுங்கிக்கொண்டு நிற்கும். அவள் அளவுக்கு உடுப்பு இல்லை என்று கைவிரிக்கும் துணிக்கடைப் பெண்கூட, அவள் திரும்பி நடக்கும்போது, "உங்க முடி எவ்வளவு அழகா இருக்கு" என்று சொல்லிவிடுவாள். சமாதானத்துக்குச் சொல்கிறாள் என்று தெரியும். தெரிந்தும் பெரியக்கா அதை வாங்கி மனசுக்குள் வைத்துக்கொள்வாள். பிறந்ததிலிருந்து அவளைப் பற்றி நாலு பேர் சொன்ன நல்ல வார்த்தைகளில் பாதி அவள் கைப்பக்குவத்துக்கு, பாதி அந்த முடிக்கு.

அவள் கணவர் லிப்ட் மெக்கானிக். அவளை முதன்முதலில் ஒரு பஸ் நிறுத்தத்தில் பின்னாலிருந்துதான் பார்த்தாராம். "திரும்பினதுக்கப்புறம்?" என்று மகள் சீண்டுவாள். "அவ திரும்பறதுக்குள்ள நான் முடிவு பண்ணிட்டேனே" என்பார் அவர். மகள் கல்லூரியில் முதல் வருஷம். உடல்வாகு அப்படியே அம்மா. முடியும் அம்மாதான்.

ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில், ஈரத்தரையில் கால் வழுக்கிப் பெரியக்கா விழுந்தாள். அடி ஒன்றும் பலமில்லை. ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. முட்டி இரண்டும் ஏற்கெனவே தேய்ந்தவை. மூன்று பேர் பிடித்துத் தூக்கிப் பார்த்தார்கள், அசையவில்லை. கடைசியில் கிடங்கிலிருந்து அரிசி மூட்டை ஏற்றும் தள்ளுவண்டியைக் கொண்டுவந்தார்கள். அதில் அவளைச் சாய்த்து ஏற்றி, சாப்பிட்டுக்கொண்டிருந்த அத்தனை பேர் நடுவிலும் உருட்டிக்கொண்டு போனார்கள். "மூட்டையைச் சிந்தாம கொண்டு போங்கப்பா" என்று அவளே சொன்னாள். கூடமே சிரித்தது. அவளும் சிரித்தாள்.

வீட்டுக்கு வந்து காலைக் கழுவிவிட்டுக் கணவரிடம், "ஆபரேஷன் பண்ணிக்கிறேன்" என்றாள். சர்க்கரைக்கும் முட்டிக்கும் அதுதான் வழி என்று டாக்டர் இரண்டு வருஷமாகவே சொல்லிக்கொண்டிருந்தார். இரைப்பையில் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒரு குழாய் மாதிரி விட்டுவைக்கும் சிகிச்சை. ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டர் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னார். ரத்தம் கசியலாம், தையல் விடலாம், சத்துக் குறைவு வரலாம். "சில மாசம் கழிச்சு முடி கொட்டும்மா. பெரும்பாலும் திரும்ப வளர்ந்துடும். புரதச் சாப்பாடு மட்டும் குறையக் கூடாது" என்றும் சொன்னார். மேசையிலிருந்து உயிரோடு எழுந்திருப்போமா என்று கதிகலங்கி உட்கார்ந்திருந்தவள் காதில் முடியெல்லாம் எங்கே ஏறும்? எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

முதல் சில மாதங்கள் உண்மையிலேயே நன்றாக இருந்தன. உடம்பு தண்ணீரில் போட்ட சோப்பு மாதிரி கரைந்தது. பஸ்ஸில் பக்கத்துச் சீட்டில் ஆட்கள் உட்கார்ந்தார்கள். வாழ்க்கையில் முதல்தடவையாகக் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்துவிட்டு, யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்தாள். சர்க்கரை மாத்திரை பாதியானது. வேலைக்குத் திரும்பிய அன்று வாசல் காவலாளி அடையாள அட்டையையும் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "அதே ஆளுதாண்ணே, மிச்சத்தை ஆஸ்பத்திரியில விட்டுட்டு வந்துட்டேன்" என்றாள்.

கஷ்டம் ஒன்றே ஒன்றுதான். சாப்பிட முடியவில்லை. நானூறு பேருக்கு ஆக்கிப் போடுகிறவளுக்கு நாலு வாய் இறங்கவில்லை. முட்டை வாசனை பட்டாலே வயிறு புரண்டது. இறைச்சி நெஞ்சிலேயே நின்றது. ஆஸ்பத்திரியில் கொடுத்த புரதப் பொடியைக் கலக்கிக் குடித்தால், குடித்த வேகத்தில் திரும்பி வந்தது. போதாததற்கு நாக்கும் மாறிப்போயிருந்தது. உள்ளங்கையில் ஒரு சொட்டுக் குழம்பை விட்டு நக்கிப் பார்த்து உப்புச் சொல்கிறவள் அவள். இப்போது எல்லாமே உப்புக் கரித்தது. உதவிக்கு நிற்கும் பெண்ணைக் கூப்பிட்டு, "நீ பாரு" என்று கரண்டியை நீட்ட ஆரம்பித்தாள்.

நாலாவது மாதம் முடி கொட்டத் தொடங்கியது.

தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தாள். விரல்களை உள்ளே விட்டு அலசினால் விரலோடு ஒரு கற்றை வந்தது. சிக்கு என்று நினைத்து உதறினாள். மறுபடி விட்டாள், மறுபடி வந்தது. காலடியில் தண்ணீர் போகாமல் தேங்கி நின்றது. குனிந்து சாக்கடைத் தட்டில் அடைத்துக்கொண்டிருந்ததை எடுத்தபோது ஒரு செத்த எலியை எடுத்த மாதிரி கை கூசியது. தண்ணீரை நிறுத்திவிட்டு, ஈரத்தோடு அப்படியே வெகுநேரம் நின்றாள்.

ஷாம்புவை மாற்றினாள். தண்ணீரில் உப்பு அதிகம் என்று வடிகட்டி வைத்தாள். தங்கை எண்ணெய்ப் புட்டியோடு வந்தாள். அவள் எப்போதும் அக்காவின் முடியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டவள்தான். இந்தத் தடவை வகிடு எடுத்து எண்ணெய் தேய்க்க உட்கார்ந்தவள் புட்டியைத் திறக்காமல் வகிட்டை மாற்றி மாற்றி எடுத்தாள்.

"என்னடி?" என்றாள் பெரியக்கா.

"ஒண்ணுமில்லக்கா. மண்டை தெரியுது."

"எங்க?"

"எல்லா இடத்துலயும்தான்."

பிறகு அவளே சமாளிக்கப் பார்த்தாள். "ஆனா ஒல்லியாயிட்டல்ல. அதைத்தானே கேட்ட." தங்கைக்கு மனசில் கள்ளம் கிடையாது. அந்தப் பேச்சு மட்டும் பெரியக்காவுக்கு முள்ளாகத் தைத்தது. அதைத்தானே கேட்ட. ஆமாம், கேட்டாள். கேட்டு வாங்கியதற்கு யாரிடம் போய் அழுவது?

டாக்டரிடம் போனாள். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். இரும்பு குறைவு, புரதம் குறைவு, இன்னும் என்னென்னவோ குறைவு. மாத்திரை எழுதிக்கொடுத்த டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். "முடி வேர்ல உயிர் இருக்கும்மா. உடம்புக்குக் கிடைக்கிற கொஞ்ச சத்தை அது முக்கியமான உறுப்புக்கெல்லாம் அனுப்புது. முடி கடைசிதான். நீங்க சாப்பிட்டாத்தான் நிக்கும்."

"சாப்பிட முடியலையே டாக்டர்."

"கொஞ்சம் கொஞ்சமா பழகணும்."

சாப்பிட்டதால் ஆபரேஷன், சாப்பிடாததால் முடி. வெளியே வந்து மருந்துக்கடை வரிசையில் நிற்கும்போது அவளுக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்தில் நின்ற கணவரிடம் அதைச் சொல்லலாம் என்று திரும்பினாள். அவர் அவள் தோளில் ஒட்டியிருந்த முடிகளை, அவளுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக எடுத்துத் தன் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார். அவள் மறுபடி முன்னால் திரும்பிக்கொண்டாள். குளியலறைச் சாக்கடையும் சில வாரங்களாக அடைக்காமல்தான் இருந்தது. தினமும் அவள் எழுந்திருப்பதற்குள் அவர் சுத்தம் பண்ணிவிடுகிறார் என்பது அப்போதுதான் புரிந்தது.

முதல் முடி ஒரு வெல்டரின் தட்டில் கிடைத்தது. அவர் நல்ல மாதிரி. அதை எடுத்து விரலில் சுற்றிக் காட்டி, "பெரியக்கா, இது சாப்பாட்டுல சேர்த்தியா, தனியா?" என்று கேட்டார். அவளும் ஏதோ சொல்லிச் சமாளித்தாள். அடுத்த வாரம் இன்னொரு தட்டில். அதற்கடுத்து, ஒரு பெண்ணின் வாய்க்குள்ளிருந்தே. அந்தப் பெண் அதை இழுத்தாள், இழுத்தாள், வந்துகொண்டே இருந்ததாம். எழுந்து போய்த் துப்பிவிட்டு அன்று சாப்பிடவில்லை.

பெரியக்கா வலைத்தொப்பி இரண்டு போட்டாள். அதன்மேல் துணி கட்டினாள். கழுத்தில், முதுகில், கைமடிப்பில் எங்கேயிருந்தோ ஒன்று நழுவித்தான் வந்தது. அடுப்புப் பக்கம் அண்டா மேல் குனியும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டாள், மூச்சு விட்டால் விழுந்துவிடும் என்பது போல. பரிமாறும் நேரத்தில் கதவு இடுக்கில் நின்று, யார் தட்டை உற்றுப் பார்க்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லோருமே பார்த்தார்கள். சாப்பிட உட்கார்ந்தவர்கள் முதலில் சோற்றை விரலால் கிளறிப் பார்த்துவிட்டுத்தான் பிசைந்தார்கள். அவள் ஆக்கிய சோற்றை அப்படி ஒருவர் கிளறி அவள் பார்த்ததில்லை.

சூப்பர்வைசர் அவளைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"உட்காருங்க பெரியக்கா."

"பரவால்ல சார், சொல்லுங்க."

"எனக்கே சொல்லக் கஷ்டமா இருக்கு. கொஞ்ச நாள் மட்டும். உடம்பு தேறுற வரைக்கும்."

"பாத்திரம் கழுவுற பக்கம் போகட்டுமா?"

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "நானே சொல்லலாம்னு இருந்தேன்" என்றார்.

கரண்டியை உதவிக்கு நின்ற பெண்ணிடம் கொடுத்தாள். அந்தப் பெண் அழுதாள். "நீ எதுக்கு அழற? புளிப்பைக் கடைசியில பாரு, முதல்லயே போட்டுடாத" என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் போய் ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டாள். எச்சில் தட்டுகள் வந்து விழ ஆரம்பித்தன. மிச்சம் வைத்த சோற்றைப் பார்த்தே அன்றைய சமையல் எப்படி என்று சொல்லிவிடுவாள் அவள். அன்று யாரும் மிச்சம் வைத்திருக்கவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

ஒரு நாள் சாயங்காலம், வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஒரு நடுவயதுக்காரர் எழுந்து அவளுக்கு இடம் கொடுத்தார். அவள் தலையில் துணி கட்டியிருந்தாள். புருவம்கூட மெலிந்துவிட்டிருந்தது. கன்னம் ஒட்டி, கழுத்துத் தோல் தொங்கியது. பக்கத்தில் இருந்த பெண்மணி கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மெதுவாக அவள் கையைப் பிடித்தாள்.

"எங்க அண்ணிக்கும் இருந்துச்சும்மா. இப்ப நல்லா இருக்காங்க. தைரியமா இருங்க."

பெரியக்காவுக்கு முதலில் விளங்கவில்லை. தனக்குப் புற்றுநோய் என்று நினைத்துவிட்டாள் என்பது விளங்கியதும், அதெல்லாம் இல்லை என்று சொல்ல வாய் எடுத்தாள். சொல்லவில்லை. "சரிங்கம்மா" என்றாள். அந்தப் பெண்மணி இறங்கும்வரை கையை விடவே இல்லை. அந்தக் கையின் சூட்டில் பெரியக்காவுக்குப் பல மாதங்களாக வராத அழுகை வந்தது. தானாக வந்த நோய் என்றால் ஊர் உலகம் கையைப் பிடித்துக்கொள்ளும். அவளுக்கு வந்திருப்பது அதில்லை. ஏமாற்றிவிட்டோம் என்று கூசியது. இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது, அந்த நோயாகவே இருந்திருக்கக் கூடாதா என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றிய வேகத்தில் தெருவிலேயே நின்றுவிட்டாள். இப்படியெல்லாம் நினைக்கிற ஆளா நான் என்று இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கணவர் முன்னால் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, துணியை அவிழ்த்தாள். எலிவால் மாதிரி ஒரு பின்னல் கீழே விழுந்தது. நீளம் மட்டும் பழைய நீளம்.

"வெட்டி விடுங்க" என்றாள்.

"எனக்கு முடி வெட்டத் தெரியாதும்மா."

"வயர் வெட்டுறீங்கல்ல. அதே மாதிரிதான்."

"கடைக்குப் போலாமே."

"கடையில கண்ணாடி இருக்கும்."

அவர் கத்தரிக்கோலை எடுத்துவந்தார். ஒரு லிப்டின் இரும்புக் கயிற்றைச் சோதிக்கும் கவனத்தோடு பின்னலைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றார், வெட்டவில்லை. "வெட்டுங்க" என்றாள் மறுபடி. வெட்டினார். கத்தரிக்கு வேலையே இருக்கவில்லை. பிறகு மிச்சத்தைக் காதோரம், பிடரியோரம் ஒட்ட வெட்டினார், கோணல்மாணலாக வந்தது. முடித்ததும் கத்தரிக்கோலைக் கழுவப் போனவர் வெகுநேரம் குழாயை மூடவே இல்லை. மகள் தன் அறைக் கதவில் சாய்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். தன்னுடைய பின்னலை முன்னால் எடுத்துப் போட்டு, இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு சாக்கடைத் தட்டில் அடைப்பு வர வழியில்லை. ஒரு காலையில் பெரியக்கா சீக்கிரம் எழுந்தபோது, கணவர் குளியலறையில் குந்தி உட்கார்ந்து கம்பியால் எதையோ இழுத்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"காட்டுங்க."

"ஒண்ணுமில்ல."

"என் முடி இவ்வளவுதான் இருக்கு. காட்டுங்க."

காட்டினார். முழ நீளத்துக்குக் கறுப்பாக, ஈரமாக ஒரு கொத்து. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எத்தனை நாளா?"

"நான் உன்னுதுன்னே நினைச்சிட்டிருந்தேன். வெட்டுனதுக்கு அப்புறமும் வருதேன்னு பார்த்தா..."

தன் தலையைத் தவிர எதையும் பார்க்காமல் இத்தனை மாதம் இருந்திருக்கிறாள். மகளின் கைகள் மெலிந்ததைப் பார்த்தாள், படிப்புச் சுமை என்று நினைத்தாள். சாப்பாட்டு டப்பா காலியாக வந்தது, சந்தோஷப்பட்டாள். இப்போது அறைக்குள் போய் மகளின் போர்வையை விலக்கி, தலையணையைப் பார்த்தாள். தலையணையில் முடி கிடந்தது. பெண் கண் விழித்துப் படுத்திருந்தாள்.

"டப்பா சோறு எங்கடி போகுது?"

மகள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

"உன்னைத்தான் கேக்குறேன்."

"கூட இருக்கிறவளுக்குக் கொடுத்துடுவேன்."

"ஏன்?"

மகள் எழுந்து உட்கார்ந்தாள். கோபம்கூட இல்லாத குரலில் சொன்னாள். "நீ வயித்தை அறுத்துச் செஞ்ச. நான் அறுக்காம செய்யுறேன். அவ்வளவுதான்."

"முடியெல்லாம் போகுதுடி."

"உனக்கும்தான் போச்சு. ஆனா நீ இளைச்சப்ப எவ்வளவு நல்லா இருக்கீங்கன்னு எல்லாரும் உன்னைச் சொன்னாங்கல்ல? நானும் பக்கத்துலயே நின்னேனேம்மா. என்னை அந்த மாதிரி யாரு சொன்னா?"

பெரியக்காவுக்கு எந்தப் பேச்சுக்கும் ஒரு வேடிக்கைப் பதில் வாயில் இருக்கும். அன்று தலையணையில் கிடந்த முடிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கையில் சேர்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரமே மகளையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பழைய டாக்டர் வேறொரு டாக்டரிடம் அனுப்பினார்; மனசையும் சாப்பாட்டையும் சேர்த்துப் பார்க்கிற அம்மா அவர். மகளோடு தனியாகப் பேசிவிட்டுப் பெரியக்காவையும் உள்ளே கூப்பிட்டார். "நீங்க சாப்பிடறதை அவ பார்க்கணும்" என்றார். நானூறு பேரைச் சாப்பிட வைத்தவளுக்கு அதைவிடக் கடினமான வேலையை யாரும் கொடுத்ததில்லை.

அதிலிருந்து தினமும் ஒரு வேளையாவது இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். நடுவில் அவித்த முட்டை, கொஞ்சம் பருப்பு, ஒரு கரண்டி சோறு. "நீ சாப்பிடு, நான் சாப்பிடுறேன்" என்பாள் பெரியக்கா. "நீ முதல்ல" என்பாள் மகள். சில நாள் இறங்கியது. பல நாள் பெரியக்கா பாதியில் எழுந்து ஓடி வாந்தி எடுத்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தாள். தட்டு அப்படியே இருக்கும். சிலசமயம் மகளுடைய தட்டும் அப்படித்தான். கணவர் தன் தட்டோடு கூடத்தில் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வார். பார்த்தால் சாப்பிட மாட்டார்கள் என்று பயம்.

வருஷம் திரும்பியபோது பெரியக்காவுக்குக் கொட்டுவது நின்றது. நெற்றியோரம் பிறந்த குழந்தையின் முடி மாதிரி பூனைமயிர் எழும்பியது. தங்கை தொட்டுத் தொட்டுப் பார்த்து, "வளருது பாருக்கா" என்றாள். டாக்டரும் நல்லது என்றார். உச்சியில் மட்டும் இன்னும் தோல் தெரிந்தது. சமையலறையில் அடுப்பு உதவிக்கு நின்ற அந்தப் பெண்ணிடமே இருந்தது. அவள் நன்றாகத்தான் ஆக்கினாள், சூப்பர்வைசர் எதுவும் பேசவில்லை, பெரியக்காவும் கேட்கவில்லை. புதிதாகச் சேர்ந்தவர்கள் அவளைப் பெரியக்கா என்று ஏன் கூப்பிடுகிறார்கள் என்று தெரியாமலே கூப்பிட்டார்கள். மகளுக்கு எடை கொஞ்சம் ஏறியது, பிறகு இறங்கியது. முடி கொட்டுவது நிற்கவில்லை.

நேற்று மதியம், விடுமுறை. மகள் முட்டையை இரண்டாகப் பிளந்து, மஞ்சளை ஒதுக்கிவிட்டு வெள்ளையை மென்றாள். பெரியக்காவும் மென்றாள். அரைத் தட்டு காலியானதும் மகள் எழுந்தாள்.

"போதும்மா."

"சரி."

குளியலறைக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. குழாய் திறந்தது. கை கழுவ எவ்வளவு நேரம் ஆகும் என்று பெரியக்காவுக்குத் தெரியும். தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது, அதற்கடியில் ஓங்கரிக்கும் சத்தமும். எழுந்து போய்க் கதவுக்கு வெளியே நின்றாள். தட்டக் கை ஓங்கினாள். தட்டினால் அந்தப் பெண் நாளைக்கு எதிரே உட்கார மாட்டாள். தட்டாவிட்டால் என்ன ஆகும் என்றும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

"அம்மாடி" என்று மட்டும் கூப்பிட்டாள். தண்ணீர்ச் சத்தத்தில் அது உள்ளே கேட்டதா என்று தெரியவில்லை.